கண்மாய்க் கரையில் நிற்கும் பாதித் தோணி

மதுரை கீழமாரட் வீதியில் ஒரு வெங்காய மண்டியில் கணக்கப்பிள்ளையாக இருந்த என் தகப்பனாருக்குக் கடலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் வெங்காயத்தின் வழியாகத் தெரிந்ததுதான். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வரும் சின்ன வெங்காயத்தைத் தரம் பிரித்துச் சாக்கில் கட்டித் தூத்துக்குடிக்கு லாரி ஏற்றிய பிறகு, அது எந்தத் தோணியில் ஏறுகிறது, அந்தத் தோணியின் தண்டல் என்கிற தலைவர் யார், அவர் நல்ல காற்றுக்காகக் காத்துக் கிடப்பவரா, கிடைத்த காற்றில் துணிந்து பாய் விரிப்பவரா என்பதெல்லாம் மண்டியில் விலை பேசும்போது கணக்கில் வரும். கொழும்புக்குச் சேர வேண்டிய சரக்கு தாமதமானால் மேல் சாக்கு முளைவிடும். அடிச் சாக்கு வியர்த்து அழுகும். கடலே இல்லாத ஊரின் வியாபாரிகள் வாடைக் காற்றையும் கொண்டலையும் பற்றி அவ்வளவு அக்கறையோடு பேசியதற்கு அந்தச் சாக்குகளே காரணம்.

அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, பிற்காலத்தில் தூத்துக்குடிக்குப் போகும்போதெல்லாம் பழைய துறைமுகத்துப் பக்கம் போய்ச் சற்று நேரம் நிற்பது எனக்கு வழக்கமாயிற்று. பிறகு அங்கிருந்து வடக்கே வேம்பார், கீழக்கரை, மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என்று மரக்கலம் கட்டிய இடங்களையும் இன்னும் கட்டுகிற ஓரிரு இடங்களையும் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். மரப்படகுகள் மறைந்துவருகின்றன என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அவற்றின் மறைவில் கடற்கரைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதே அளவு பங்கு மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் கண்மாய்க் கரைகளுக்கும் உண்டு என்பதை நம் பக்கத்து மக்கள் யாரும் பேசிக் கேட்டதில்லை. அதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் தோணியைப் பற்றி. தூத்துக்குடித் தோணி மீன் பிடிக்கும் படகு அன்று. கடல் கடந்து சரக்கு ஏற்றும் மரக்கப்பல். பெரியவை ஏறத்தாழ நூறு அடி நீளம் இருக்கும். 200 முதல் 400 டன் வரை சரக்குக் கொள்ளும். அடிப்பாகம் பெரும்பாலும் தட்டையாக இருப்பதற்குக் காரணம் அந்தக் கடற்கரையிலேயே இருக்கிறது. தூத்துக்குடிக் கரையோரம் ஆழமில்லாதது. ஆகவே நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, பஞ்சுப் பொதியானாலும் பயணியானாலும் தோணியும் சிறு படகுகளுமே கரைக்கும் கப்பலுக்கும் இடையே சுமந்தன. 1974ஆம் ஆண்டில் ஆழமான புதிய துறைமுகம் செயல்படத் தொடங்கியதும் அந்த வேலை போயிற்று. எஞ்சியது கொழும்பு வழியும் மாலத்தீவு வழியும்தான். கொழும்பு ஏறத்தாழ 150 கடல் மைல். மாலே ஏறத்தாழ 400 கடல் மைல். வெங்காயம், காய்கறி, கருவாடு, ஓடு, செங்கல், சிமெண்டு என்று தீவுகளுக்குத் தேவையான எல்லாம் இந்த வழிகளில் போயின. 1980கள் வரை இயந்திரமே இல்லாமல் ஒற்றைப் பாய்மரத்தில் பெரும் பாயும், அணியம் என்கிற முன்பகுதியில் சிறு பாய்களும் விரித்துப் போன தோணிகள் இருந்தன என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. உலகின் மற்றக் கடல்களில் பாய்க்கப்பல் வாணிபம் அநேகமாக முடிந்துபோன பிறகும் நம் வெங்காயம் காற்றில்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது தொழிலில் இருக்கும் தோணிகள் சிலவே. அவையும் டீசல் இயந்திரத்தில் ஓடுகின்றன. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் கட்டிப்போடப்பட்டு, அது ஓய்ந்த பிறகே மறுபடி புறப்படுகின்றன.

தோணி ஒரு வகைதான். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியக் கரைகளின் படகு வகைகளை நேரில் ஆராய்ந்து 1920இல் விரிவாகப் பதிவு செய்தவர். அவர் பார்த்த கரையில் கட்டுமரம், ஒற்றை மரத்தைக் குடைந்த வள்ளம், பலகையைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகு, பாக் நீரிணையின் வத்தை எல்லாம் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வேறு வேறு கட்டுமான முறைகளாக ஒரே காலத்தில் வாழ்ந்தன. இவற்றுள் எனக்கு மிகவும் வியப்பளிப்பது வத்தை. குறுகிய உடலில் மூன்று பாய்மரம். காற்று வரும் பக்கத்தில் படகுக்குக் குறுக்கே நீட்டிய நீளமான பலகை ஒன்று. காற்று கூடக்கூட ஆட்கள் அந்தப் பலகையின் நுனியை நோக்கி நகர்ந்து உட்கார்ந்து, தங்கள் உடல் எடையாலேயே படகு கவிழாமல் நிறுத்துவார்கள். தேவிபட்டினத்திலும் தொண்டியிலும் பழைய ஆட்கள் இதை விளக்கும்போது ‘காத்துக்கு ஆள் எண்ணுவோம்’ என்பார்கள். இன்று நாலாள் காற்று, நாளை ஆறாள் காற்று என்று. காற்றளக்கும் கருவி எதுவும் இதைவிடப் பயனுள்ள அளவைத் தந்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி இவற்றைக் கட்டிய இடங்களுக்கு வருகிறேன். படகு கட்டும் தளம் என்றதும் மதில், கேட், கூரை என்று கற்பனை செய்பவர்களுக்கு அங்கே போனால் ஏமாற்றம்தான். மணலில் நான்கு பனங்கட்டைகள், ஒரு ஓலைப் பந்தல், பந்தலடியில் வாய்ச்சி, உளி, இழைப்புளி, கொட்டாப்புளி, துரப்பணம் அடங்கிய மரப்பெட்டி, அருகில் மீன் எண்ணெய் வாடை. தளம் அவ்வளவுதான். அந்த இடம் தளமாவது ஓடாவி என்கிற படகுத் தச்சர் அங்கே இருப்பதால். அவர் வேறு கரைக்குப் போனால் தளமும் கூடவே போய்விடும். வரைபடம் கிடையாது. தோணிக்காரர் இத்தனை டன் வேண்டும் என்பார். ஓடாவி ஏராவின் நீளத்தைச் சொல்வார். ஏரா என்கிற அடிமரம் ஒன்று முடிவானால் அகலம், உயரம், அணியத்தின் சாய்வு, பின்பகுதியான அமரத்தின் சாய்வு, பாய்மரம் நிற்க வேண்டிய இடம் எல்லாம் அதன் பின்னமாக அவர் மனத்தில் வந்துவிடும். நல்ல நாள் பார்த்து ஏராவைக் கிடத்தி, முன்னும் பின்னும் தூண்மரங்களை நிறுத்தி, வங்குகள் என்கிற விலா மரங்களை ஒவ்வொன்றாக ஏற்றி, அவற்றின்மேல் பலகைகளை ஒன்றன் விளிம்போடு ஒன்று சேரும்படி அடித்துக்கொண்டு போவார்கள். பலகையை வளைப்பதற்கு ஈரத் துணியும் நெருப்பும்தான் கருவி: ஒரு பக்கம் நனைத்துக்கொண்டே மறுபக்கம் காய்ச்சி, கயிற்றாலும் ஆப்பாலும் கொஞ்சங் கொஞ்சமாக இழுத்து இருத்துவார்கள்.

பலகையை வளைக்கலாம், வங்கை வளைக்கக் கூடாது. என் விஷயம் இங்கேதான் தொடங்குகிறது. வேம்பாருக்குப் பக்கத்தில் ஒரு முதிய ஓடாவியிடம், நேரான தடிமரத்தை வாள்பட்டறையில் வளைவாக அறுத்து எடுத்தால் வேலை எளிதல்லவா என்று கேட்டேன். அவர் கையிலிருந்த சில்லு ஒன்றை எடுத்து, அதன் ரேகை குறுக்கே ஓடும் இடத்தில் இரண்டு விரலால் ஒடித்துக் காட்டினார். “வளைஞ்ச மரத்தத் தேடி வெட்டணும் தம்பி. நேர் மரத்த வளைச்சு அறுத்தா ரேகை அந்துபோவும். அலையில மொத அடிக்கே அந்த எடத்துலதான் விடும்” என்றார். மரத்தின் நார் எந்த வளைவில் வளர்ந்ததோ அதே வளைவில் வங்கு அமைந்தால்தான் அடியிலிருந்து வரும் அதிர்ச்சியை நுனிவரை பகிர்ந்து தாங்கும். ஒரு பெரிய தோணிக்கு இத்தகைய வங்குகள் ஏராளமாகத் தேவை. நடுவில் இருப்பவை அகன்ற வளைவும், அணியத்தை நெருங்க நெருங்கக் கவண் கிளை போன்ற இறுகிய வளைவுமாக ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு.

அந்த வளைந்த மரங்கள் எங்கிருந்து வந்தன? பலகைக்கான அயினியும் தேக்கும் மலையாளத்து மலைகளிலிருந்து வந்தன. அதற்கு நீண்ட கால வாணிப வழி இருந்தது. ஆனால் வங்குக்கான நாட்டுக் கருவேலம், வாகை, வேம்பு, புன்னை, பூவரசு ஆகியவை கடற்கரைக்குப் பின்னால் இருக்கும் நம் வறண்ட நாட்டிலிருந்துதான் போயின. இராமநாதபுரம் 1910ஆம் ஆண்டில் தனி மாவட்டமாவதற்கு முன் அதன் பெரும்பகுதி மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததே. அந்த நிலம் முழுவதும் ஒன்றன் வடிகால் மற்றொன்றின் வரத்துக்காலாக அமைந்த கண்மாய்களால் ஆனது. கண்மாய்க் கரையில் தனித்து நிற்கும் மரத்துக்கு எல்லாப் பக்கமும் வெளிச்சம் உண்டு. ஆகவே அது நெட்டையாக ஓடாமல் அகன்று கிளைக்கும். கரையின் சரிவில் வேர் பிடித்த அடிமரம் முதலில் நீரை நோக்கிச் சாய்ந்து பிறகு நிமிரும். ஆடு மாடுகள் இளம் கொழுந்தைக் கடிப்பதால் பக்கக் கிளை தலைமையேற்று வளரும். விவசாயிக்குக் கோணல் மரம். ஓடாவிக்கு அது அளவெடுத்து வளர்த்த வங்கு. மெல்லிய பலகையில் வளைவை வெட்டி எடுத்த அச்சுகளைக் கட்டி எடுத்துக்கொண்டு, கோடையில் ஊர் ஊராகப் போய்க் கண்மாய்க் கரை மரங்களோடு ஒட்டிப் பார்த்து, பொருந்தினால் ஊர்க்காரரிடம் விலை பேசி முன்பணம் கொடுத்து வருவது தம் தந்தை காலம் வரை வழக்கமாக இருந்தது என்று அந்த முதியவர் சொன்னார். கமுதி, முதுகுளத்தூர், திருச்சுழி என்று அவர் அடுக்கிய ஊர்களில் ஒன்றிலாவது இன்று யாருக்காவது தம் ஊர் மரம் கொழும்புக்குப் போய் வந்தது தெரியுமா என்பது ஐயமே.

அந்த மரங்களின் இடத்தைப் பிடித்தது சீமைக் கருவேலம் என்பதை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. அதன் மரமும் வலுவானதே. ஆனால் அடியிலிருந்தே பல தண்டுகளாகப் பிரிவதாலும், எந்தத் தண்டும் பருமன் அடைவதற்குள் வெட்டிக் கரிமூட்டம் போட்டுவிடுவதாலும் அது தளத்துக்கு உதவுவதில்லை. 1980களில் ஸ்வீடன் நாட்டு உதவியோடு நடந்த சமூகக் காடுகள் திட்டத்தில் கண்மாய் நீர்ப்பிடிப்புகளில் நாட்டுக் கருவேலம் நெருக்கமாக நடப்பட்டது. நல்ல காரியம்தான், ஆனால் நெருக்கி நட்ட மரம் ஒளியைத் தேடி நேராக உயரும். அதில் விறகு கிடைக்கும், கலப்பைக்கும் வண்டிக்கும் கட்டை கிடைக்கும், வங்கு கிடைக்காது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் 2017இல் சீமைக் கருவேலத்தை அகற்றும் வேலை மும்முரமாக நடந்தபோது, இயந்திரத்தோடு வந்தவர்கள் இரண்டு கருவேலத்தையும் பிரித்தறியாமல் சாய்த்த கரைகளையும் நான் பார்த்தேன். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் பறவைகள் கூடு கட்டுவதற்காக ஊரார் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அந்தக் கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேலத்தை யாரும் தொட முடியாது, தொடவும் கூடாது. ஆனால் பறவைக்காக ஒரு கண்மாயைக் காக்கத் தெரிந்த ஊர்கள் உள்ள நாட்டில், வங்குக்காக ஒரு கரையைக் காப்பது நினைக்க முடியாத காரியமன்று.

மதுரைக்காரர்களுக்கு மரவேலையின் அருமை தெரியாது என்று சொல்லிவிட முடியாது. சித்திரையில் மாசி வீதிகளில் உருளும் தேரின் சக்கரத்துக்கும் அச்சுக்கும் இலுப்பை தேடி அலைந்த கதைகள் கோயில் ஊர்கள் எல்லாவற்றிலும் உண்டு. அந்த இலுப்பையேதான் தளங்களில் ஏராவுக்கும் விரும்பப்பட்ட மரம். உப்பு நீரில் நெடுங்காலம் உழைக்கும். தேர் செய்யும் தச்சருக்கு ஸ்தபதி என்ற மரியாதை இருக்கிறது. மாமல்லபுரத்தில் 1957 முதல் இயங்கும் அரசுக் கல்லூரியில் மரச்சிற்பம் ஒரு பாடம். ஓடாவிக்கு அப்படி எதுவும் இல்லை. கப்பல் வடிவமைப்பைப் பட்டப் படிப்பாகச் சொல்லிக்கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றில் படித்தவர் எவரும் வாய்ச்சி பிடித்து ஒரு வங்கைச் செதுக்க வேண்டிய தேவை வருவதில்லை. இரண்டு தச்சு மரபுகளில் ஒன்று தெய்வத்தைச் சுமந்ததால் பிழைத்தது; மற்றொன்று வெங்காயத்தைச் சுமந்ததால் பிழைக்கவில்லை என்று கசப்போடு சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அது முழு உண்மையன்று. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் வலம் வரும் தெப்பத்தை எடுத்துக்கொள்வோம். திருமலை நாயக்கர் காலத்துக் குளம் அது. ஆனால் அதில் மிதப்பது நாயக்கர் காலத்துத் தெப்பம் அன்று. மிதவையும் சட்டமும் மூங்கிலும் துணியுமாக ஆண்டுதோறும் புதிதாகக் கட்டிப் பிரிக்கப்படுவது. ஆண்டுதோறும் கட்டுவதால்தான் கட்டத் தெரிந்தவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

மரப்படகும் அப்படித்தான் வாழ்கிறது என்பது கலப்பத்து வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பலகைகளின் இடைவெளியில் எண்ணெயில் தோய்த்த பஞ்சுத் திரியை மழுங்கிய உளியால் வைத்து, கொட்டாப்புளியால் அடித்து இறக்கி, மேலே குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சிய குழம்பை ஊற்றி அடைப்பதே கலப்பத்து. பார்க்க எளிய வேலையாகத் தோன்றும். திரியைக் குறைவாக இறக்கினால் ஒழுகும். அளவுக்கு மீறி இறக்கினால் பலகை நீரில் ஊறிப் பருக்கும்போது இடமில்லாமல் ஆணியையே பிடுங்கிக்கொண்டு வெளியே தள்ளும். எவ்வளவு போதும் என்பதை அடியின் ஓசை மாறுவதைக் கொண்டு முடிவு செய்கிறார்கள். மந்தமாக ஒலித்துக்கொண்டிருந்த அடி கணீரென்று கேட்கத் தொடங்கியதும் கை தானாக அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும். வரிசையாக நாலைந்து பேர் அடிக்கும்போது எந்த ஆளின் இடத்தில் திரி இன்னும் இறங்க வேண்டும் என்று மேஸ்திரி முதுகைத் திருப்பி உட்கார்ந்தபடியே சொல்வதை மண்டபத்தில் பார்த்திருக்கிறேன். ஆணிக்கும் இதே கவனம் உண்டு: முதலில் துரப்பணத்தால் துளை, பிறகு ஆணியின் கழுத்தில் எண்ணெய் நூல் சுற்று, பிறகுதான் அடி. அந்த நூல் இல்லாவிட்டால் உப்பு நீர் ஆணி வழியே உள்ளே இறங்கும்; இரும்பு துருப்பிடிக்க, சுற்றியுள்ள மரமும் கறுத்து மெத்தென்று ஆகிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கடல் சும்மா விடுவதில்லை. கப்பல் புழு என்று சொல்லப்படும் உயிரி உண்மையில் புழுவன்று, சிப்பி இனத்தைச் சேர்ந்தது. ஊசி முனை அளவுள்ள துளையின் வழியே இளம் பருவத்தில் மரத்துக்குள் நுழைந்து, உள்ளேயே விரல் பருமனுக்கு வளர்ந்து, தான் குடைந்த வழியைச் சுண்ணத்தால் பூசிக்கொண்டு முன்னேறும். மரத்தைச் செரிப்பதற்கான நொதிகளை அதன் செவுளில் வாழும் பாக்டீரியாக்கள் தருகின்றன. வெளியே பார்த்தால் பலகை பழுதில்லாமல் இருக்கும். தட்டினால் உள்ளே கூடு. இதற்காகவே படகைக் குறித்த காலத்தில் கரையேற்றி, அடிப்பாகத்தைச் சுரண்டி, சுண்ணாம்பையும் எண்ணெயையும் குழைத்துப் பூசி, கெட்ட பலகையை மாற்றுவார்கள். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம் இருக்கிறதே, அதுதான் இராமேசுவரத்திலும் மண்டபத்திலும் மரத்தச்சர்களுக்கு ஆண்டு முழுவதற்குமான சம்பாத்தியம். மீன் இனப்பெருக்கத்துக்காகப் போட்ட சட்டம், அதைப் போட்டவர்கள் எண்ணிப் பாராத வகையில், மரப்படகுத் தொழிலுக்கும் ஒரு பருவத்தைக் கொடுத்திருக்கிறது.

ஆகவே ‘ஐம்பது வயதுத் தோணி’ என்று ஒருவர் காட்டும்போது அதில் ஐம்பது வயதான மரம் எவ்வளவு என்று கேட்பதில் பொருளில்லை. ஏரா பழையது, வங்குகளில் பாதி மாற்றியவை, பலகைகள் பல கைகள் பட்டவை. அது தோணியாகவே தொடர்ந்து இருப்பது, கெட்ட பாகத்தை மாற்றத் தெரிந்த ஆள் ஒவ்வொரு முறையும் கிடைத்ததால்தான். ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்ணெதிரே கொடுமையான சான்று இருக்கிறது. இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்பட்டு மயிலிட்டியிலும் காங்கேசன்துறையிலும் காரைநகரிலும் நிறுத்தப்பட்ட தமிழ்நாட்டு விசைப்படகுகள், வழக்கு முடிவதற்குள் மட்கிப்போயின. சில படகுகளை விடுவித்தபோதும் திரும்பக் கொண்டுவரும் நிலையில் அவை இல்லை. மழைநீர் தேங்கி, கலப்பத்து விட்டு, வெயிலில் பலகை பிளந்து, சில பருவங்களிலேயே விறகாகிவிட்டன. போராட்டத்தில் பேசப்படுவது படகின் விலை. அதைக் கட்டிய மரம் மறுபடி கிடைக்காது என்பதை யாரும் பேசுவதில்லை.

பாக் நீரிணைக்கு அப்பால், இலங்கையின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. அங்கே 1930இல் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கிப் பெயர் மாற்றினார். அது 1938இல் அட்லாண்டிக் கடந்து மாசசூசெட்ஸ் மாநிலத்து குளோஸ்டர் துறையில் போய் நின்றது. தமிழ் மேஸ்திரிகள் கட்டிய மரக்கலம் அமெரிக்காவரை போயிற்று என்று இணையத்தில் பெருமையோடு பகிரப்படும் செய்தி இதுதான். எனக்கு அந்தப் பயணத்தைவிட அந்தத் தளத்தின் மீதே ஆர்வம் அதிகம். அப்படி ஒரு கப்பலைக் கட்டிய கைகள் அதற்கு முன்னும் பின்னும் பல கப்பல்களைக் கட்டியிருக்க வேண்டும். அவற்றுக்கு வெளிநாட்டு வாங்குநர் வாய்க்காததால் நமக்குப் பெயர் தெரியவில்லை.

கண்ணாடியிழைப் படகைத் திட்டுவது இத்தகைய கட்டுரைகளில் வழக்கம். நான் அதைச் செய்யப்போவதில்லை. 1970களின் இறுதியிலிருந்தே அது சிறுகச் சிறுகப் பரவத் தொடங்கியது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்தபோது கட்டுமரங்களும் வள்ளங்களும் ஒரேயடியாகக் கரையை விட்டு ஒதுங்கின. எடை குறைவு, கலப்பத்து தேவையில்லை, புழு தின்னாது, வெளியே மாட்டும் சிறு இயந்திரத்தில் ஓடும். விடியலில் தனி ஆளாகக் கடலுக்குப் போக வேண்டியவருக்கு இவற்றைவிட வேறென்ன வேண்டும்? மரபைக் காக்க வேண்டிய சுமையை அன்றாடங்காய்ச்சியின் முதுகில் ஏற்றும் உரிமை மதுரையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் எனக்கு இல்லை. உடைந்த கண்ணாடியிழை ஓடுகள் மட்காமல் கரையோரம் குவிவது தனிப் பிரச்சினை. அதை இன்னொரு நாள் எழுதலாம்.

பழைய படகுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுபவர்கள் உடனே அருங்காட்சியகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். கரையேற்றிக் கூரையின் கீழ் வைத்த மரப்படகு முதல் கோடையிலேயே காய்ந்து சுருங்கும். பலகை இடைவெளிகள் விரியும். மறுபடி நீரில் இறக்க முடியாது. வடிவத்தைக் காட்ட அது உதவும், வேலையைக் காட்ட உதவாது. கொடைக்கானல் ஏரி எனக்கு நினைவுக்கு வருகிறது. மதுரை கலெக்டராக இருந்த வியர் லெவிஞ் 1863இல் அந்த ஏரியை அமைத்தபோது முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து தருவித்ததாகச் சொல்வார்கள். மலைக்கு மோட்டார் சாலை வராத அந்தக் காலத்தில் அது ஆட்களின் தோளில்தான் ஏறியிருக்க வேண்டும். 1890இல் அங்கே படகுக் குழாமும் ஏற்பட்டது. கொடைக்கானல் அப்போது மதுரை மாவட்டம்தான். கப்பல் புழு இல்லாத நன்னீர், கடுமையான வெயில் இல்லாத காற்று, ஆண்டு முழுவதும் பணம் கொடுத்துப் படகேற வருகிற கூட்டம்: கடலோரத் தளம் ஒன்று தன் கலையை உயிரோடு வைத்துக்கொள்ள இதைவிட வசதியான இடம் தமிழ்நாட்டில் கிடைக்காது. இன்று அதில் பெரும்பாலும் மிதிபடகும் கண்ணாடியிழைப் படகுமே ஓடுகின்றன. துடுப்புப் படகுகளில் ஒரு பங்கையாவது பலகைப் படகாகவே வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் கீழிருந்து ஓடாவி ஒருவரை வரவழைத்துக் கலப்பத்து அடித்து, உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பேரை அவருக்கு உதவியாளாக வைத்தால், அதற்காகும் செலவு சுற்றுலாத் துறைக்கு ஒரு விளம்பரப் பலகையின் செலவைத் தாண்டாது என்பது என் மதிப்பு.

மற்றொன்று கண்மாய்க் கரையில் செய்ய வேண்டியது. கண்மாய்க் கரை மரங்கள் ஏலத்துக்கு வரும்போது எல்லாவற்றையும் விறகாகவே மதிப்பிடுகிறார்கள். எடுத்தவர் டன் கணக்கில் செங்கல் சூளைக்கு அனுப்பிவிடுகிறார். ஏலத்துக்கு முன் மரத்துக்கு எண் போடும் அலுவலர், பருத்து வளைந்த நாட்டுக் கருவேலத்துக்கும் வாகைக்கும் தனிக் குறியிட்டுத் தனியே ஏலம் விட்டால் போதும். வெட்டுவதற்கு முன் தளத்திலிருந்து அச்சுப் பலகையோடு ஒருவர் வந்து பார்க்க அவகாசம் கிடைக்கும். அப்படி வெட்டிய ஒவ்வொரு மரத்துக்கும் ஈடாக, நெருக்கி நடாமல், கரைச் சரிவில் தள்ளித் தள்ளி ஒரு கன்று நட வேண்டும். அது வங்காவதற்கு ஒரு தலைமுறை ஆகும் என்பதால் இதைத் தளத்துக்காரர்கள் தாமாகச் செய்ய முடியாது, ஊராட்சிதான் செய்ய வேண்டும்.

மேலூர்ப் பக்கத்தில் ஒரு கண்மாயில் மரம் எடுத்திருந்த ஒப்பந்தக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த கட்டைகளில், இரண்டு ஆள் நீளத்தில் ஒரே சீரான வளைவோடு ஒரு வாகை அடிமரம் இருந்தது. ஓடாவியின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். அவர் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினார். சற்று நேரத்தில் பதில் அழைப்பு வந்தது. இரண்டு பேரும் விலை பேசத் தொடங்கியதும், வேம்பாருக்கு லாரி வாடகையை யார் கொடுப்பது என்பதில் பேச்சு நின்றது. பாதி வாடகை தாமே தருவதாகவும், ஆனால் மரத்தின் பட்டையை உரிக்காமல், இரண்டு முனையிலும் சாணம் பூசி நிழலில் போட்டு வைக்க வேண்டும் என்றும் ஓடாவி நிபந்தனை போட்டார். இல்லாவிட்டால் தாம் வருவதற்குள் முனை வெடித்துவிடுமாம். சாணத்துக்கு ஆள் அனுப்பினார்கள்.